பயிலரங்கு மெட்டீரியல்: எதைத் தாளில் கொடுப்பது, எதைக் கோப்பாகக் கொடுப்பது?

கேள்வி இதுதான். கல்லூரி ஒன்றில் இரண்டு நாள் மாநாடு. முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 90 நிமிடப் பயிலரங்கு. தலைப்பு, ஆய்வுக்கான கேள்விப்பட்டியல் தயாரிப்பது. வணிகவியல், சமூகப்பணி ஆய்வு மாணவர்கள் 60 பேர் பதிவு செய்திருக்கிறார்கள். மெட்டீரியல் 24 பக்கம் தயாராக இருக்கிறது. மாநாட்டுக் குழு, "இந்த வருஷம் பேப்பர்லெஸ், பிடிஎஃப் போதும்" என்கிறது. துறைத்தலைவரோ, "ஸ்பைரல் போட்டுக் கையில் கொடுத்தால்தான் வந்தவர்களுக்கு மரியாதை" என்கிறார். ஒதுக்கியிருக்கும் தொகை 3,000 ரூபாய். எது சரி?

இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். அந்த 24 பக்கத்தில் 2 பக்கத்தை மட்டும் ஒரே தாளில் முன்னும் பின்னுமாக அடியுங்கள். மிச்சம் 22 பக்கமும் கோப்பாகப் போகட்டும். ஆனால் இப்போது இருக்கிற அதே ஏ4 பிடிஎஃப்பாக அல்ல.

மெட்டீரியல் என்ற ஒற்றைச் சொல்லில் நாம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறோம். அதற்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன: அரங்கில் உட்கார்ந்து எழுத வேண்டியவை, எழுதும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை, வீட்டுக்குப் போய் என்றைக்காவது தேட வேண்டியவை. ஒரு பென்சிலை எடுத்து 24 பக்கத்தையும் புரட்டி, ஒவ்வொன்றின் மூலையிலும் 'எழுத', 'பார்க்க', 'பிறகு' என்று குறித்துப் பாருங்கள். அறிமுகம், வரையறைகள், அளவுகோல் வகைகள், மாதிரிக் கேள்விப்பட்டியல், வாசிக்க வேண்டிய நூல்கள், பேச்சாளரைப் பற்றிய அரைப் பக்கம் எல்லாமே 'பிறகு'தான். 'எழுத' என்று விழுவது பயிற்சிப் பக்கம் ஒன்று. 'பார்க்க' என்று விழுவது கேள்வி அமைப்பதில் வரும் தவறு வகைகளின் பட்டியல் ஒன்று. பேனா படப் போகிற பக்கமும் அதற்குத் துணையாகக் கண் படப் போகிற பக்கமும் மட்டும் தாளுக்கு வந்தால் போதும்.

ஏன் அந்த இரண்டு பக்கமாவது தாளில் வேண்டும்? பயிற்சியைக் கிட்ட வைத்துப் பார்த்தால் தெரியும். தாளில் இப்படி ஒரு கேள்வியை அச்சடித்திருக்கிறீர்கள்: "உங்கள் கல்லூரியின் நூலகமும் கணினி ஆய்வகமும் திருப்தியாக உள்ளனவா? ஆம் / இல்லை." பங்கேற்பவர் அதில் இருக்கும் இரண்டு 'உம்'மையும் வட்டமிடுகிறார். நூலகம் பிடித்து, ஆய்வகம் பிடிக்காதவர் எதில் டிக் அடிப்பார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார். கேள்வியை நடுவில் வெட்டி, கீழே இருக்கும் கோட்டில் இரண்டு கேள்வியாக எழுதுகிறார். அடுத்த கேள்வி: "வயது: 18–25, 25–35, 35–45." இருபத்தைந்து வயதுக்காரர் எங்கே போவார் என்று புரிந்த உடனே 25-ஐ அடித்து 26 ஆக்குகிறார், 35-ஐ 36 ஆக்குகிறார். 45-க்கு மேல் இருப்பவரை மறந்தே போயிருக்கிறோம் என்று ஒருவர் ஓரத்தில் எழுதுகிறார். அடித்தல், வட்டம், அம்புக்குறி, ஓரக்குறிப்பு எல்லாம் ஐந்து நிமிடத்தில் நடந்துவிடும். இதே பக்கத்தை செல்போனில் பிடிஎஃப்பாகத் திறந்தால் கேள்வியைப் படிக்கலாம். அடித்து எழுத வழியில்லை. பிடிஎஃப்பில் எழுதும் செயலிகள் இருக்கின்றன என்பீர்கள். அதை 60 பேரும் நிறுவி, பழகி, விரலால் தமிழ் எழுதி முடிப்பதற்குள் 90 நிமிடத்தில் பாதி போய்விடும்.

தாளா, திரையா என்பது பற்றிய ஆய்வுகளையும் யாராவது மேற்கோள் காட்டுவார்கள். 2014-ல் ம்யூலரும் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வில், கையால் குறிப்பெடுத்தவர்கள் லேப்டாப்பில் தட்டியவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் நன்றாகச் செய்தார்கள். 2019-ல் மோர்ஹெட் குழு அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. வாசிப்பைப் பற்றி 2018-ல் டெல்காடோ குழு 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் கலந்துகொண்டவர்கள் 1.7 லட்சத்துக்கும் மேல். தகவல் சார்ந்த உரையை, அதுவும் நேரக் கெடுவோடு வாசிக்கும்போது தாளுக்குக் கொஞ்சம் மேலான புரிதல் கிடைக்கிறது என்பது அதன் முடிவு. பயிலரங்கு என்பதே நேரக் கெடுவோடு தகவல் வாசிப்பது என்பதால் இது நமக்குப் பொருந்தும். ஆனாலும் வித்தியாசம் சிறியது. அதை வைத்து 24 பக்கத்தையும் அச்சடிப்பதற்கு நியாயம் கற்பிக்க முடியாது.

இனி கணக்கு. ஜெராக்ஸ் விலை கடைக்குக் கடை மாறும். பக்கத்துக்கு ஒரு ரூபாய், ஸ்பைரலுக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 பேருக்கு 66 பிரதி. 24 பக்கம் என்றால் 1,584 பக்கம், 1,584 ரூபாய். ஸ்பைரல் 66-க்கு 1,980 ரூபாய். உள்ளே இருப்பதைவிடக் கம்பிக்கும் அட்டைக்கும் அதிகம் கொடுக்கிறீர்கள். மொத்தம் 3,564, ஒதுக்கியதைத் தாண்டிவிட்டது. நிமிடத்துக்கு 30 பக்கம் தள்ளும் மெஷின் தாள் சிக்காமல் ஓடினாலும் 53 நிமிடம் ஆகும். ஸ்பைரல் துளை போடுவது தனி. 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் ஒன்றின் எடை 4.7 கிராம். 792 தாள் 3.7 கிலோ. பேருந்தில் வரும் பேச்சாளருக்கு அது ஒரு தனிப் பை. நான் சொல்கிற ஒற்றைத் தாளுக்கோ 132 ரூபாய், 310 கிராம்.

66 ஏன் என்றால், பதிவு செய்தவர்களுக்கு மேல் பத்து சதவீதம். ஒரே நேரத்தில் மூன்று அரங்கில் நிகழ்ச்சி நடந்தால் ஆட்கள் இடம் மாறுவார்கள். பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டம் வந்தால் இருவருக்கு ஒரு தாள். இந்தப் பயிற்சிக்கு அது கெடுதலும் இல்லை, பேசிக்கொண்டே செய்வார்கள். ஒரு சுத்தமான மாஸ்டர் பிரதியைத் தனியாகக் கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் அவசரப் பிரதி எடுக்க வேண்டும். கையில் மிஞ்சிய ஜெராக்ஸிலிருந்து மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'பால்' என்பது 'பால' ஆகிவிடும். மெல்லிய எழுத்துருவில் 9 பாயிண்டில் சாம்பல் நிறத்தில் அடித்த அடிக்குறிப்புகள் முதல் பிரதியிலேயே இந்தக் கதிக்கு ஆளாகும். 12 பாயிண்ட், முழுக் கறுப்பு, கொஞ்சம் தடித்த எழுத்துரு என்று வைத்துக்கொண்டால் மூன்றாம் தலைமுறை ஜெராக்ஸ் வரை தாங்கும்.

எழுதும் கோடுகளுக்கு இடையே 9 அல்லது 10 மில்லிமீட்டர் விடுங்கள். வேர்டில் ஒன்றரை இடைவெளி என்று தட்டிவிட்டு அடிக்கோடு போட்டால் 7 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். மேலே கொக்கி, கீழே கால் என்று தமிழ் எழுத்துகள் இரண்டு பக்கமும் நீளும்; மடியில் வைத்து எழுதுகிறவர் கை இன்னும் பெரிதாகத்தான் ஓடும். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கோடு, வலது ஓரத்தில் 4 சென்டிமீட்டர் வெற்றிடம். ஆறு கேள்விக்கு மேல் ஒரு பக்கத்தில் திணிக்க வேண்டாம்.

எதில் வைத்து எழுதுவார்கள் என்பதையும் முன்கூட்டியே போய்ப் பாருங்கள். செமினார் ஹாலில் எழுதுபலகை வைத்த நாற்காலி இருந்தால் பிரச்சினை இல்லை. ஆடிட்டோரியம் என்றால் மடிதான் மேஜை. மாநாட்டுக் கிட்டில் கொடுக்கும் ஃபைல் கெட்டியாக இருந்தால் அதுவே அட்டையாகும். மெல்லிய பிளாஸ்டிக் உறை என்றால் பேனா தாளைக் குத்திவிடும். உட்காருகிற இடத்துக்கு மேலே மின்விசிறி எத்தனை எண்ணில் ஓடுகிறது என்பதுகூட முக்கியம். பின் அடிக்காத மூன்று தாளைக் கொடுத்துவிட்டு விசிறியைப் போட்டால், பயிற்சி தொடங்கும்போது பாதிப் பேர் குனிந்து தாள் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒற்றைத் தாளுக்கு இந்த வம்பு குறைவு. இரண்டு தாளாகிவிட்டால் இடது மேல் மூலையில் ஒரு பின் கட்டாயம்.

முன்பின்னாக அடிக்கும்போது 70 ஜிஎஸ்எம் தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும். 75 அல்லது 80 கேளுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம், ஜெல் பேனா அதில் காயாமல் ஈஷும். பள்ளி, கல்லூரிகளில் ரைசோ மெஷின் (மையால் வேகமாகப் பிரதி ஓட்டும் மெஷின்) இருந்தால் ஐம்பது பிரதிக்கு மேல் அது மலிவு. ஆனால் அதன் மை வெப்பத்தில் பதிவதில்லை, அடித்த கையோடு தொட்டால் விரலில் ஒட்டும். முந்தின நாளே அடித்து ஆறவிட வேண்டும். கடலோர ஊர்களில் ரீமை உடைத்துத் திறந்து போட்டால் தாள் ஈரம் இழுத்து மெஷினில் சிக்கும். தேவைப்படும்போது மட்டும் உடையுங்கள்.

ஸ்லைடை ஒரு பக்கத்துக்கு ஆறு என்று அடித்துக் கொடுக்கும் பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். அகலத்திரை ஸ்லைடின் அகலம் சுமார் 34 சென்டிமீட்டர். ஆறு போட்டால் ஒவ்வொன்றும் 9 சென்டிமீட்டருக்குச் சுருங்கும். ஸ்லைடில் 24 பாயிண்டில் போட்ட எழுத்து தாளில் 6.4 பாயிண்ட். மருந்துச் சீட்டுக்குள் மடித்து வைத்திருப்பார்களே, அந்த எழுத்து. வண்ணப் படம் வேறு கறுப்பு வெள்ளையாகும்போது சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் ஒரே சாம்பலாகிவிடும். கரும்பின்னணி ஸ்லைடு என்றால் தாள் டோனரில் குளித்துச் சுருண்டு வரும். ஸ்லைடு திரைக்கானது. அதிலிருந்து ஏதாவது அவசியம் தாளுக்கு வர வேண்டுமென்றால் அந்த ஒரு படத்தை மட்டும், வண்ணத்துக்குப் பதிலாகப் புள்ளிக்கோடு, முறிகோடு என்று மாற்றி வரைந்து போடுங்கள்.

தாளை எப்போது கொடுப்பது என்பதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். பதிவு மேஜையில் கிட்டுக்குள் போட்டுக் கொடுத்தால் பாதித் தாள் மதியத்துக்குள் விடுதி அறையில் இருக்கும். உங்கள் அரங்குக்கு வராதவர் கையிலும் ஒன்று இருக்கும், வந்தவருக்குக் குறையும். பயிலரங்கு தொடங்கும்போதே கொடுத்தாலும், நீங்கள் பேசுகிற முதல் 20 நிமிடம் எல்லோரும் குனிந்து பயிற்சியை முடித்துவிடுவார்கள். பயிற்சிக்கு முந்திய நிமிடம் கொடுங்கள். பத்துப் பத்தாக எண்ணி, ஒரு பத்தை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் அடுக்கி வைத்தால், ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒரு கட்டு வைத்து ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். அறுபது பேருக்கு ஒருவர் நடந்து கொடுத்தால் ஐந்து நிமிடம் போகும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான கூட்டம் அதற்குள் கலைந்துவிடும்.

இப்போது கோப்புப் பக்கம் வருவோம். ஏ4 அகலம் 21 சென்டிமீட்டர், செல்போன் திரை சுமார் 7. உங்கள் 12 பாயிண்ட் எழுத்து திரையில் 4 பாயிண்டாகத் தெரியும். படிக்கிறவர் ஒவ்வொரு வரிக்கும் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருப்பார். இரண்டாம் பக்கத்தில் விட்டுவிடுவார். வேர்டில் பக்க அளவை ஏ6 ஆக்கி, ஓரத்தை 8 மில்லிமீட்டராகக் குறைத்து, அதே 12 பாயிண்டில் பிடிஎஃப் எடுங்கள். திரையில் 8 பாயிண்ட் கிடைக்கும், இழுக்காமல் படிக்கலாம். பக்க எண்ணிக்கை 22-லிருந்து அறுபது, எழுபது ஆகும். கோப்பில் பக்கத்துக்குக் காசா கொடுக்கிறோம்? அகலமான அட்டவணைகள் மட்டும் உடையும். அவற்றை இரண்டு நிரலாகப் பிரித்துப் போடுங்கள்.

அதோடு மாதிரிக் கேள்விப்பட்டியலை வேர்டு கோப்பாகத் தனியாகக் கொடுங்கள். ஆய்வு மாணவர் அதை எடுத்துத் தன் தலைப்புக்கு மாற்றப் போகிறார். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் 'கொடு' என்பது கொம்பு முன்னால் தனியாகத் தொங்க 'ெகாடு' என்று வந்து ஒட்டும். பிடிஎஃப் பல நேரம் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கி வைப்பதால் வரும் கோளாறு இது. பிடிஎஃப்புக்குள் தேடினாலும் சொல் சிக்காததற்கும் இதுவே காரணம்.

வேர்டு கோப்பு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடில்தான் இருக்க வேண்டும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, இருந்தும் டிடிபி மையத்தில் அடித்து வாங்கிய பழைய கோப்புகள் பலவும் பழைய எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன. அப்படி ஒரு பழைய எழுத்துருவான பாமினியில் 'தமிழ்' என்று அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பார்வையற்ற ஒருவர், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பானில் திறந்தால் அவர் காதில் விழுவதும் அந்த ஜே, கே, பி, ஓதான். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அதையும்விட மோசம். அது வெறும் படம், வாசிப்பானுக்கு ஒரு எழுத்தும் கிடைக்காது. பதிவுப் படிவத்திலேயே 'எந்த வடிவில் மெட்டீரியல் வேண்டும்?' என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, கேட்டவர்களுக்கு யூனிகோடு வேர்டு கோப்பை, அந்தப் பயிற்சிப் பக்கம் உட்பட, இரண்டு நாள் முன்னதாக அனுப்புங்கள். பார்வை குறைந்தவருக்கு 18 பாயிண்டில் இரண்டு மூன்று தாளாக அடித்துக் கொடுக்கலாம். ஏ4-ஐ ஏ3 ஆகப் பெரிதாக்கிக் கொடுப்பது உதவி மாதிரித் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து அதை விரித்துப் பிடிக்க முடியாது.

அரங்கிலேயே எல்லோரும் இறக்கிக்கொள்ளட்டும் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். 40 எம்பி கோப்பை 60 பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் 2,400 எம்பி. கல்லூரி வைஃபை 20 எம்பிபிஎஸ் உண்மையாகவே கொடுத்தாலும் 16 நிமிடம். ஒரே ரவுட்டரில் அறுபது போன் தொங்கும்போது அந்த வேகமும் வராது. கோப்பை 2 எம்பிக்குள் கொண்டுவந்தால் இதே கணக்கு ஒரு நிமிடத்துக்குள் முடியும். பருமனுக்குக் காரணம் பெரும்பாலும் படங்கள்தான்: 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்த வண்ணப் பக்கங்களை 150-க்குக் குறைத்தால் திரையில் வித்தியாசமே தெரியாது. வாட்ஸ்அப்பில் முந்தின நாள் மாலை அனுப்பிவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. வழக்கமான அமைப்பில் மொபைல் டேட்டாவில் டாக்குமெண்ட் தானாக இறங்காது, தட்டினால்தான் இறங்கும். பலரும் அரங்கில் உட்கார்ந்த பிறகுதான் தட்டுவார்கள். 'வீட்டிலேயே ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்' என்று அதே செய்தியில் எழுதுங்கள். பக்கங்களைப் படமாக எடுத்து அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப் நசுக்கிவிடும். இன்னொன்று: இதற்காகவே குழு தொடங்கினால் அறுபது பேரின் எண்ணும் அறுபது பேருக்குத் தெரியும். வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்கள் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. இல்லாவிட்டால் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

இணைப்பைத் தாளிலேயே க்யூஆர் குறியாகப் போட்டுவிடுவது நல்லது. நேராக கூகுள் ட்ரைவ் இணைப்பைக் குறியாக்கினால் 80 எழுத்தைத் தாண்டும். கட்டங்கள் 37-க்கு 37 என்று நெருங்கிவிடும். சுருக்கிய 25 எழுத்து இணைப்பு என்றால் 25-க்கு 25-இல் அடங்கும். இரண்டரை சென்டிமீட்டர் சதுரத்தில், சுற்றிலும் விட வேண்டிய நான்கு கட்ட வெள்ளை ஓரத்தையும் சேர்த்தால், முதலாவதில் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், இரண்டாவதில் முக்கால் மில்லிமீட்டர். ஜெராக்ஸ் மெஷினின் அழுக்கைத் தாங்குவது இரண்டாவதுதான். பிழைதிருத்தம் எம் நிலையில் இருந்தால் போதும், 15 சதவீதம் வரை சேதம் தாங்கும். அழகுக்காக நடுவில் கல்லூரி முத்திரையைச் செருகாதீர்கள். தங்கள் தளம் வழியாக உங்கள் இணைப்புக்குத் திருப்பிவிடும், இலவசமாகக் கிடைக்கும் 'டைனமிக்' க்யூஆர் சேவைகள் சில, சோதனைக் காலம் முடிந்ததும் குறியை முடக்கிவிட்டுப் பணம் கேட்கும். அச்சடித்த தாளில் அதன்பின் மாற்ற வழியில்லை. குறிக்குக் கீழே இணைப்பை எழுத்திலும் போடுங்கள். அதில் பூஜ்யமும் ஆங்கில ஓவும் குழம்பாதபடி தேர்ந்தெடுங்கள்.

திரையிலும் காட்டலாம், ஆனால் அளவு வேண்டும். பத்து மீட்டர் தள்ளி இருப்பவர் ஸ்கேன் செய்ய ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலக் குறி தேவை. பத்துக்கு ஒன்று என்பது நடைமுறைக் கணக்கு. எட்டடித் திரையில் அது கிட்டத்தட்ட மேலிருந்து கீழ் வரை. ஸ்லைடின் மூலையில் தபால்தலை மாதிரி ஒட்டுவது கடைசி வரிசைக்காரரை எழுந்து வரச் சொல்வதற்குச் சமம்.

ஒற்றைக் கோப்புக்கு இணைப்புக் கொடுக்காமல் ஒரு ஃபோல்டருக்குக் கொடுங்கள். விடைகளை 60-ஆவது நிமிடத்தில் அதில் போடலாம், அரங்கில் வந்த நல்ல திருத்தங்களையும் இரண்டு நாளில் சேர்க்கலாம், குறி அப்படியே இருக்கும். அந்த ஃபோல்டர் ஒருங்கிணைக்கும் மாணவரின் கல்லூரிக் கணக்கில் இருக்கக் கூடாது. அவர் படிப்பு முடிந்து கணக்கு மூடப்பட்டால் எல்லாம் போய்விடும். கல்லூரிக் கணக்குகளில் 'நிறுவனத்துக்குள் மட்டும்' என்ற கட்டுப்பாடும் இருக்கும், வெளியூரிலிருந்து வந்தவருக்குத் திறக்காது. ட்ரைவில் புதிதாக ஏற்றியது எதுவும் முதலில் பூட்டித்தான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பகிரும் அனுமதியை மாற்றிவிட்டு, உள்நுழையாத வேறொரு போனில் திறந்து பாருங்கள். இதைச் செய்யாவிட்டால் பயிலரங்கு நடுவில் 'அனுமதி வேண்டும்' என்று அறுபது மின்னஞ்சல் உங்கள் பெட்டியில் விழும்.

ஒரு விதிவிலக்கு. பயிலரங்கு எஸ்பிஎஸ்எஸ், ஆர் மாதிரிப் புள்ளியியல் மென்பொருள் பற்றியது என்றால் எல்லாமே கோப்பாகத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றும். கட்டளைகளைக் கோப்பாகத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் பிடிஎஃப்பாகவோ வேர்டாகவோ அல்ல, வெறும் உரைக் கோப்பாக. வேர்டு நேர் மேற்கோள்குறியை வளைத்துவிடும், நகலெடுத்து ஒட்டியதும் மென்பொருள் பிழை காட்டும், காரணம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அங்கேயும் ஒரு தாள் அடியுங்கள். பங்கேற்பவரின் ஒரே திரையை மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கும். படிகளைப் பார்க்க அவர் ஒவ்வொரு முறையும் ஜன்னலை மாற்ற வேண்டும், மாற்றிவிட்டுத் திரும்பினால் எங்கே விட்டோம் என்று தெரியாது. படிகளும் எந்த மெனுவில் எது என்பதும் அச்சான அரைப் பக்கம் அவருக்கு இரண்டாவது திரை.

பிற நூல்களிலிருந்து பக்கங்களை அப்படியே எடுத்துச் சேர்த்திருந்தால் இன்னொரு யோசனை தேவை. 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகப் பாடத்துக்காகத் தொகுத்த நகல்கள் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அது வகுப்பில் ஆசிரியர் மாணவருக்குக் கற்பிக்கும் சூழலைப் பற்றியது. கட்டணம் வாங்கும் மாநாட்டில், யாரும் திறக்கக்கூடிய ஃபோல்டரில் ஏற்றிவைப்பதற்கு அதைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். அத்தகைய பக்கங்களுக்கு நூல் பெயரும் பக்க எண்ணும் கொடுத்தால் போதும்.

'பேப்பர்லெஸ்' என்று சொல்லும் குழுவிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. வாசலில் பதினாறடி ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டு உள்ளே ஒரு தாளுக்குத் தடை போடுவதில் உள்ள வேடிக்கையை மனதோடு வைத்துக்கொண்டு, "ஆளுக்கு ஒரே ஒரு பயிற்சித்தாள், மற்றதெல்லாம் க்யூஆர்" என்று சொல்லுங்கள்; மறுக்க மாட்டார்கள். துறைத்தலைவருக்கு மரியாதைதான் கவலை என்றால், அவருக்கும் சிறப்பு விருந்தினருக்கும் நூலகத்துக்கும் என மூன்று பிரதி மட்டும் ஸ்பைரல் போட்டு வையுங்கள். மூன்றுக்கும் சேர்த்து 162 ரூபாய்.

ஆக, உங்கள் செலவு 132-உம் 162-உம், 294 ரூபாய். மிச்சம் 2,706. அரங்கு ஆடிட்டோரியமாக இருந்து, கிட்டில் வருவது மெல்லிய உறையாக இருந்தால், கல்லூரித் தேர்வுப் பிரிவில் பரீட்சை அட்டை கேட்டுப் பாருங்கள்; இல்லையென்றால் இந்தப் பணத்தில் முப்பது அட்டை வாங்கி இருவருக்கு ஒன்று என்று கொடுங்கள். ஒரு பெட்டி பந்துமுனைப் பேனாவும் வாங்கிக்கொள்ளுங்கள், கிட்டில் கொடுக்கும் பேனாக்களில் பத்துக்கு இரண்டு எழுதாது.